இடையிசைக்குள் ஓர் அறையிசை

கள்ளிக்குப்பம், புதூர், அம்பத்தூர், கொரட்டூர் என்று சென்னையின் இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கிதார் வகுப்புப் பலகை கண்ணில் படும். மாடி அறையிலோ வீட்டு முன்கூடத்திலோ ஆசிரியர் சில பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பார். பலருக்கு இலக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வு. அதனால் கருல்லி, கர்காஸி, ஜூலியானி என்ற பழைய ஐரோப்பியக் கிதார் இசையமைப்பாளர்கள் செங்குன்றம் சாலையோரத்து வீடுகளில் தினமும் ஒலிக்கிறார்கள். அதே தெருவில் பாட்டு வாத்தியார் வீட்டில் வயலின் பிள்ளைகள் சரளி வரிசை வாசிக்கிறார்கள். புல்லாங்குழல் கற்பவர்களும் உண்டு. ஆனால் இந்த மூன்று பிள்ளைகளும் ஓர் அறையில் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பதில்லை. கிதார் பிள்ளை தேர்வுக்குத் தனியாக வாசிக்கிறது, தேவாலயப் பாடகர் குழுவில் கார்டு அடிக்கிறது. வயலினும் குழலும் கச்சேரி வழக்கத்தின்படி தம்பூராவையும் மிருதங்கத்தையும் நம்பி நிற்கின்றன.

இவர்கள் சேர்ந்து வாசிக்க ஏதாவது இருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. இருக்கிறது. கிதார், புல்லாங்குழல், வில் வாத்தியங்கள் மூன்றும் சரிசமமாக உரையாடும் இசை தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி இங்கிருந்து அதிக தூரமில்லாத சாலிகிராமத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறந்தது. அதற்கு யாரும் சேம்பர் மியூசிக் என்று பெயர் வைக்கவில்லை. திரைப்பாட்டின் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே அரை நிமிடம், முக்கால் நிமிடம் என்று அது ஒளிந்து கிடக்கிறது.

சேம்பர் மியூசிக் என்பது வீட்டு அறைக்காக எழுதப்பட்ட இசை. ஒரு பகுதிக்கு ஒரே வாத்தியம், நடத்துநர் கிடையாது, வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். கிதாருக்கு இந்த வகையில் பொற்காலம் என்றால் அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வியன்னா. மவுரோ ஜூலியானி 1806இல் அங்கே போய்ச் சேர்ந்து, 1819 வரை அந்த ஊரைக் கிதார் பைத்தியமாக்கி வைத்திருந்தார். புல்லாங்குழலுக்கும் கிதாருக்கும் அவர் எழுதிய பெரிய சொனாட்டா (ஓபஸ் 85) இன்றும் மேடைகளில் வாசிக்கப்படுகிறது. வயலின் அரசன் என்று உலகம் கொண்டாடும் பாகனினி கிதாரையும் கையில் வைத்திருந்தவர். கிதார், வயலின், வயோலா, செல்லோ நான்குக்குமாக 15 குவார்டெட்டுகள் எழுதினார். ஸ்பெயினில் வாழ்ந்த பொக்கெரினி, கிதார் வாசிக்கும் பிரபு ஒருவருக்காகத் தன் பழைய படைப்புகளையே கிதார் குவின்டெட்டுகளாக மாற்றிக் கொடுத்தார்.

இந்த வரிசையில் நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது வென்செஸ்லாஸ் மதீக்கா எழுதிய நொட்டூர்னோ. புல்லாங்குழல், வயோலா, கிதார் என்ற மூன்றுக்கான படைப்பு, 1807இல் அச்சானது. 1814இல் 17 வயது ஷூபர்ட் அதை எடுத்து ஒரு செல்லோ பகுதியைச் சேர்த்துத் தன் கையால் எழுதி வைத்தார். அந்தக் கைப்பிரதி 1918இல் கிடைத்தபோது அது ஷூபர்ட்டின் சொந்தப் படைப்பு என்றே நம்பினார்கள். மதீக்காவின் அச்சுப் பிரதி 1931இல் அகப்பட்ட பிறகுதான் உண்மை வெளிவந்தது. தாள் இருந்ததால் அந்த மனிதருக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் நியாயம் கிடைத்தது. சென்னையைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஏன் இந்த மூன்று வாத்தியங்கள்? காரணம் ஒலியின் இயல்பில் இருக்கிறது. மீட்டிய கணத்திலிருந்தே கிதாரின் ஸ்வரம் தேயத் தொடங்குகிறது. அதை நீட்ட வழியில்லை. குழலுக்கும் வில்லுக்கும் நீட்டுவதுதான் இயற்கை. ஆகவே கிதார் தாளத்தையும் கீழ் ஸ்வரங்களையும் பிரித்துப் பிரித்து இறைக்க, அதன் மேல் மற்ற இரண்டும் கோடு இழுக்கலாம். ஒலியின் அளவும் முக்கியம். அன்றைய கிதாருக்கு நரம்புத் தந்தி; நைலான் வந்தது 1940களில்தான். அன்றைய குழலோ மரத்தால் ஆனது, சில சாவிகள் தவிர விரலால் துளை மூடி வாசிப்பது. தியோபால்ட் பேம் 1847இல் உருவாக்கிய உலோகக் குழல் பின்னால் வந்து, சத்தத்தை ஏற்றிவிட்டது. இன்றைய வெள்ளிக் குழலுக்குப் பக்கத்தில் கிதார் அமுங்கிப் போகிறது. ஜூலியானி மனத்தில் கேட்ட குழலோசைக்கு இன்று மிக நெருக்கமான உறவு நம் மூங்கில் குழல்தான் என்பது என் எண்ணம். இதை ஒரு பெருமைக்காகச் சொல்லவில்லை. மூங்கில் குழலையும் நைலான் கிதாரையும் ஒலிபெருக்கி இல்லாத சிறிய அறையில் சேர்த்துக் கேட்டால் எவரும் ஒத்துக்கொள்வார்கள்.

வியன்னாவில் கிதாருக்குச் சமத்துவம் தந்தது அறை. சென்னையில் அந்த வேலையைச் செய்தது மைக். ஒலிப்பதிவுக் கூடத்தில் கிதாருக்குத் தனி மைக் வைத்தால், நாற்பது வயலின்களுக்கு நடுவிலும் அதன் ஒரு விரல் அசைவு கேட்கும். இந்த வசதியை முழுதாகப் புரிந்துகொண்ட இசையமைப்பாளர் தானே கிதார் வாசித்தவர் என்பது தற்செயல் அல்ல. இளையராஜா மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன் இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த காலத்தில் பல இசையமைப்பாளர்களின் பதிவுகளில் கிதார் வாசித்தார். இன்று கள்ளிக்குப்பத்துப் பிள்ளை வாசிக்கும் அதே பாடத்திட்ட மரபிலிருந்து வந்தவர்தான் அவர்.

1980இல் வந்த ‘மூடுபனி’ அவருடைய நூறாவது படம். அதில் பிரதாப் போத்தன் கிதாரோடு பாடும் காட்சிக்கு ஜேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டைக் கேட்டுத்தான் தமிழ்நாட்டில் பலர் கிதார் வாங்கினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் நம் கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’. எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது, வைரமுத்து எழுதியது. கிதார் ஆர். சந்திரசேகர். பாட்டு தொடங்குவதே கிதார் பிரித்துப் பிரித்து மீட்டும் கார்டுகளில்தான். பாடகர் வந்த பிறகும் அது ஒதுங்குவதில்லை. இடையிசையில் குழல் நுழையும்போது கவனித்துக் கேளுங்கள். குழலுக்குக் கீழே கிதார் சும்மா கார்டு அடித்துக்கொண்டிருக்கவில்லை. குழல் மூச்சு வாங்கும் இடத்தில் அது பேசுகிறது, குழல் நீளும் இடத்தில் அது நகர்கிறது. இருவரில் யார் முன், யார் பின் என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்தச் சில விநாடிகள்தான் நான் சொல்லும் சேம்பர் இசை. அந்தப் பாட்டின் மெட்டு மறுவருடமே இந்திக்குப் போயிற்று. ‘கலாகார்’ படத்தில் அது ‘நீலே நீலே அம்பர் பர்’ ஆனது. மெட்டைக் கொண்டுபோவது எளிது. இடையிசையின் பின்னலை அப்படியே கொண்டுபோவது கடினம்.

இப்படி வாசித்தவர்களின் பெயர்களைத் தமிழ் ரசிகர்கள் இன்னும் உரத்துச் சொல்லவேண்டும். கிதாரில் சந்திரசேகரும் சதானந்தமும். பேஸ் கிதாரில் சசிதரன். குழலில் சுதாகர், பின்னர் அருண்மொழி என்ற பெயரில் பாடகராகவும் அறியப்பட்ட நெப்போலியன். வயலினில் வி.எஸ். நரசிம்மன். காலையில் இசையமைப்பாளர் ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிக்கொடுப்பார். உதவியாளர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பகுதி பிரித்துப் படியெடுப்பார்கள். வாத்தியக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார்கள். மதியத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். அடுத்த பாட்டுக்குப் புதுத் தாள். ஒருமுறை வாசிக்கப்பட்டு, பிறகு யாராலும் திரும்ப எடுக்கப்படாத இசை என்று பார்த்தால் உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு குவிந்திருக்குமா என்பது சந்தேகமே.

இந்த இடையிசைகளில் ஒரு நுட்பம் உண்டு. கிதாரைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவர முனைந்தவர்கள் எல்லோரும் கமகத்தைத்தான் முதல் தடையாகப் பார்த்தார்கள். ஃபிரெட் கம்பிகள் ஸ்வரத்தை ஒரே இடத்தில் நிறுத்திவிடுகின்றன. அசைவுக்குத் தந்தியை இழுத்து வளைக்க வேண்டும். ஆர். பிரசன்னா போன்றவர்கள் அந்தத் தடையைத் தனி உழைப்பால் கடந்தார்கள். அது ஒரு வழி. சென்னைத் திரை இசை கண்டது இன்னொரு வழி. கமகத்தைக் குழலிடமும் வயலினிடமும் விட்டுவிட்டு, அசையாத ஸ்வர ஸ்தானங்களைக் கிதாரிடம் கொடுத்தது. கிதார் நின்ற இடத்தில் நின்றபடியே ஒத்திசைவைக் கட்டுகிறது. அதன் மேல் குழல் காம்போதியின் மத்யமத்தையோ தோடியின் காந்தாரத்தையோ அசைத்துக்கொள்ளலாம். எந்த வாத்தியமும் தன் இயல்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மேற்கத்திய இசையும் நம் ராகமும் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒன்று மற்றதற்குப் பணிந்துபோகிறது. இந்தப் பங்கீட்டில் மட்டும் அந்தப் பணிவு தேவைப்படவில்லை. இதை நான் ஒரு கண்டுபிடிப்பாகவே மதிக்கிறேன்.

பாட்டிலிருந்து வெளியே வந்து, சொல்லில்லாமல் இந்த இசை நின்றது 1986இல். ‘ஹவ் டு நேம் இட்?’ என்ற தொகுப்பைத் தியாகராஜருக்கும் யோஹன் செபஸ்டியன் பாக்குக்கும் இளையராஜா காணிக்கையாக்கினார். வி.எஸ். நரசிம்மனின் தனி வயலின் அதன் உயிர். தலைப்புகளே அதன் எண்ணத்தைச் சொல்லிவிடுகின்றன. ஒரு பகுதிக்கு ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’ என்று பெயர், இன்னொன்றுக்கு ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. இரண்டிலும் கச்சேரி மண்டபம் இல்லை. அறைதான் இருக்கிறது, வீடுதான் இருக்கிறது. பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகச் சொல்லும் அந்தப் பகுதிக்கு அடிப்படை, பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்டிட்டாவின் முன்னிசை. அதே பார்டிட்டாவை பாக் லூட் போன்ற மீட்டு வாத்தியத்துக்கும் ஏற்ற வடிவில் எழுதிவைத்திருக்கிறார். உலகமெங்கும் கிளாசிக்கல் கிதார் கலைஞர்கள் அதை வாசிக்கிறார்கள். ஆகவே வயலினில் கேட்கும் அந்த ஓட்டம் ஒரு கிதார்க்காரரின் விரலுக்கு அந்நியமானதல்ல.

குறையும் சொல்ல வேண்டும். அந்தத் தொகுப்பின் தந்திக் கூட்டம் பெரியது. ஒரு பகுதிக்கு ஒரே வாத்தியம் என்ற அளவுகோலில் அது சேம்பர் இசை ஆகாது. 1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் பான்சுரி இருக்கிறது. அங்கே வாத்தியக் குழு இன்னும் பெரிதாகி, குழல் சில இடங்களில் கடலில் படகு போலப் போகிறது. அழகுதான். ஆனால் மூன்று நான்கு பேர் நெருங்கி உட்கார்ந்து பேசும் அந்தரங்கம் அதில் குறைவு. என்னைக் கேட்டால் திரைப்பாட்டின் இடையிசைகளே இந்த இரண்டு தொகுப்புகளையும்விடச் சேம்பர் இசைக்கு அதிக நெருக்கமானவை. நேர நெருக்கடி இசையமைப்பாளரைச் சிக்கனமாக்கியது. சிக்கனம் ஒவ்வொரு வாத்தியத்தையும் பேசவைத்தது.

அளவுகோலுக்கு முழுதாகப் பொருந்தும் சென்னை முயற்சி மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட். திரை ஒலிப்பதிவுகளில் வாசித்துப் பழகியவர்களைக் கொண்டு 1993இல் நரசிம்மன் அதைத் தொடங்கினார். செல்லோவில் வி.ஆர். சேகர். கீர்த்தனைகளை இரண்டு வயலின், வயோலா, செல்லோ என்ற நால்வருக்காக நரசிம்மன் எழுதினார். ராகத்தின் வழி கெடாமல் கீழே ஒத்திசைவு வைப்பது எப்படி என்று அந்தக் குழுவின் ஒலிப்பதிவுகளிலிருந்து பாடம் கற்கலாம். கிதாரும் குழலும் அதில் இல்லை என்பது ஒன்றுதான் குறை. அவர்கள் தொடங்கிய காலத்தைக் கவனியுங்கள். 1992இல் ஏ.ஆர். ரஹ்மானின் ‘ரோஜா’ வந்தது. சின்தசைசரும் சாம்பிளரும் திரை இசையின் வேலை முறையை மாற்றத் தொடங்கின. காலையில் கூடி மதியத்தில் கலையும் பெரிய வாத்தியக் குழுக்கள் அடுத்த பத்தாண்டுகளில் அருகிப்போயின. பின்னர் 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி, வில் வாத்தியங்களை வாசிக்கப் புதிய தலைமுறையை உருவாக்கிவருகிறது. வாசிப்பவர்கள் மீண்டும் வருகிறார்கள். வாசிக்கத் தாள்தான் கிடைக்கவில்லை.

இளையராஜா தன் சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு அரங்கேற்றியபோது தமிழ்நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் சிம்பொனியை வாசிக்க லண்டனுக்குப் போகவேண்டியிருந்தது. ‘இளைய நிலா’வின் இடையிசையை வாசிக்க இரண்டு பேர் போதும். அவர்கள் இதே அம்பத்தூரில் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு உரிமையோடு அச்சிட்ட, வாத்தியம் வாத்தியமாகப் பிரித்த பகுதித் தாள் வேண்டும். காதால் கேட்டு எழுதிய கார்டுக் குறிப்புகள் இதற்கு உதவாது. கார்டுப் பெயர் மட்டும் எழுதினால் கிதாரின் உள்நகர்வு மறைந்துபோகிறது. அந்த உள்நகர்வுதான் இசை. இசையமைப்பாளர் எழுதிய மூலத் தாளிலிருந்து, அவர் இசைவோடு, இடையிசைகளை மட்டும் தனித்தனிச் சிறு படைப்புகளாகத் தொகுத்து வெளியிட்டால் அது டிரினிட்டி பாடத்திட்டத்தில் ஜூலியானிக்குப் பக்கத்தில் நிற்கும் தரமுள்ளது. வாசித்த கலைஞர்களில் பலர் மூப்படைந்துவிட்டார்கள். அவர்கள் விரல் வைத்த முறையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும் காலம் இதுதான்.

சென்னைக்கு இது புது யோசனையும் அல்ல. ஏ.எம். சின்னசாமி முதலியார் என்ற மனிதர் 1890களின் தொடக்கத்திலேயே கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி, ‘ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்’ என்ற வரிசையாக அச்சிட்டார். தன் பொருளையும் கண்பார்வையையும் அந்த வேலைக்கே செலவழித்தார். அவருடைய தூண்டுதலால்தான் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை எழுதி 1904இல் வெளியிட்டார். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் இன்று இவ்வளவு விரிவாக நம்மிடம் இருக்கின்றன என்றால் அந்த நூல் முக்கியக் காரணம்.

அந்தத் தீட்சிதர் குடும்பமே நம் மூன்று பிள்ளைகளுக்கு உடனே வாசிக்க வேண்டியதையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கள்ளிக்குப்பத்துக்குக் கிழக்கே, அதிக தூரமில்லாத மணலியில், முத்துகிருஷ்ண முதலியார் என்ற துபாஷியின் ஆதரவில் ராமசாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய்வந்தபோது ஆங்கிலேயரின் பேண்டு இசை பிள்ளைகளின் காதில் விழுந்தது. இளையவர் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலின் கற்றார். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த கதையில் அவர் பெயர்தான் முதலில் வருகிறது. மூத்தவர் முத்துசாமி தீட்சிதர், அந்த பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். ஏறத்தாழ 40 நொட்டு ஸ்வர சாகித்தியங்கள், எல்லாம் சங்கராபரணத்தில். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. ஜூலியானி வியன்னாவில் கிதாரும் குழலுமாக எழுதிக்கொண்டிருந்த காலத்துக்கு அருகிலேயே, மணலிச் சாலையில் ஐரோப்பிய மெட்டும் நம் சாகித்தியமும் சந்தித்துக்கொண்டிருந்தன. உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. கமகம் ஏறக்குறைய கிடையாது. நீளம் சில வரிகள். தொடக்க நிலைக் கிதார்ப் பிள்ளையும் சரளி தாண்டிய வயலின் பிள்ளையும் ஒரே வாரத்தில் சேர்ந்து வாசிக்கலாம்.

சுருதிக்கு ஐந்து கட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மேற்கத்தியக் கணக்கில் அது ஜி. ஐந்து கட்டைக்கு வைத்த கர்நாடக வயலினின் கீழ் இரண்டு தந்திகள் ஜி, டி. மேற்கத்திய வயலினின் கீழ் இரண்டு தந்திகளும் அவையே. ஆகவே எந்த முறையில் கற்ற பிள்ளையானாலும் ஷட்ஜமும் பஞ்சமமும் திறந்த தந்தியில் கிடைத்துவிடும். ஐந்து கட்டைக் குழல் கடையில் கிடைக்கும். கிதாரின் நடு மூன்று திறந்த தந்திகள் டி, ஜி, பி, அதாவது பஞ்சமம், ஷட்ஜமம், அந்தர காந்தாரம். விரல் வைக்காமலே சங்கராபரணத்தின் கார்டு தயாராக நிற்கிறது. முதல் சுற்றில் வயலின் மெட்டை வாசிக்கட்டும், கிதார் ஒவ்வொரு அட்சரத்துக்கும் ஒரு ஸ்வரமாகப் பிரித்துக் கொடுக்கட்டும். இரண்டாம் சுற்றில் மெட்டைக் குழலிடம் தந்துவிட்டு, வயலின் கீழே போய் நீண்ட வில்லில் ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் பிடித்து நிற்கட்டும். மூன்றாவதில் கிதாரே மெட்டை எடுக்கட்டும். அப்போது மற்ற இரண்டும் வாசிப்பைக் குறைத்து, மீட்டிய ஸ்வரம் தேயும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் பழக்குவதற்குத்தான் ஆசிரியருக்கு அதிக நாள் பிடிக்கும்.